ஜூனில் கேட்ட கேள்வி

22 செப்டம்பர் 2017, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். விழுப்புரத்தில் பாசஞ்சர் வழக்கம்போல தாமதம். மயிலம் தாண்டும்போது தூறல், திண்டிவனத்தில் இறங்கும்போது மறுபடி வெயில். குடை வீண் சுமை.

கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில்: மவுஸ் நாலு மாற்றியது. ஏ.சி. தண்ணீர் சொட்டுகிறது, கீழே வாளி. முதலாண்டுப் பிள்ளைகள் மூன்று பேர் பாஸ்வேர்டு மறந்து வந்தார்கள். போன வாரமும் இதே மூன்று பேர்தான்.

மதியம் எழிலரசி வந்தாள். விலங்கியல் துறை, கௌரவ விரிவுரையாளர். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு மீன் எடுத்திருக்கிறாள்: வலையில் வந்து விழும் பொடி மீன்களைப் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கரையில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று பட்டியல் போடுவது. இதற்காக மே மாதம் நம் சர்வரில் நோட்புக் போட்டுக் கொடுத்தேன். பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும், அதில் நிரல் எழுதி ஓட்டினால் பதில் கீழேயே வரும். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ எழுதிப் பொதுவில் வைத்தது.

பக்கம் திறக்கிறது, எதுவும் ஓடமாட்டேன் என்கிறது என்றாள். பார்த்தேன். மேலே மூலையில் வட்டம் கறுப்பு. கறுப்பு என்றால் கெர்னல், அதாவது பக்கத்துக்குப் பின்னால் சர்வரில் இருந்து நிரலை ஓட்டுவது, வேலையாக இருக்கிறது என்று அர்த்தம். என்ன வேலை? அவள் எதையும் ஓட்டவில்லையாம், திறந்தாளாம், அவ்வளவுதானாம்.

கெர்னலை ரீஸ்டார்ட் செய்யலாம் என்று மவுஸைக் கொண்டுபோனேன். கைப்பழக்கம். எதற்கும் கேட்டுவைப்போம் என்று, பெயர்களை எந்த ஃபைலில் எழுதியிருக்கிறாய் என்றேன்.

"ஃபைலு இன்னா ஃபைலு? அந்தப் பக்கத்துலதான்கா இருக்குது. தெனம் சேவ் பண்ணிட்டுத்தானே போனேன்."

கையை எடுத்துவிட்டேன். எதையும் தொடாதே, திங்கள் வரை யாரையும் தொடவிடாதே என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓட்டம்.

வாங்க: புளி, தேங்காய் எண்ணெய், அவருக்குச் சளி மாத்திரை.

23, சனி

அரை நாள். மேகமூட்டம்.

எ. எழுதிய நிரலை முழுக்கப் படித்தேன். சுமாராக எழுதுவாள் என்று நினைத்திருந்தேன், சுத்தமாகவே எழுதியிருக்கிறாள். ஒரு படம் காட்டும். கீழே "இது என்ன மீன்?" என்று கேட்கும். பெயரைத் தட்டினால் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, படத்தைத் துடைத்துவிட்டு அடுத்த படம். "போதும்" என்று தட்டினால் கேள்வி நிற்கும், அதுவரை சேர்ந்த பட்டியல் மொத்தமும் ஃபைலில் எழுதப்படும்.

அந்தப் போதும் இன்றுவரை தட்டப்படவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அப்போது மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில். பெண்களுக்கும் வேலை இல்லை. எ.யின் அம்மாவும் கூட நாலைந்து பேரும் தினம் பஸ் பிடித்து இங்கே வந்து, லேபில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் சண்டை போட்டுப் பெயர் சொன்னார்கள். எனக்கு நினைவிருக்கிறது, லேப் முழுக்க ஏலம் விடுகிற மாதிரி சத்தம். தடை முடியும் நேரத்தில், மீதிப் படங்களை அப்புறம் பார்க்கலாம் என்று பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள். அதுவரை மூடாமல் விட்டிருந்த பிரவுசரையும் அன்று மூடிவிட்டார்கள். சேவ் செய்ததெல்லாம் பக்கம். பக்கத்தில் இருப்பது நிரல் மட்டும். பெயர்கள் இருப்பது கெர்னலின் நினைவில், அந்தக் கேள்விக்குள்.

எ.க்குச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன். பக்கம் வேறு, கெர்னல் வேறு. ஸ்டேஷனில் கவுண்டர் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பார் இல்லையா, அதுபோல. புரிந்தது. முகம் போன போக்கைப் பார்த்து ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது.

அவள் போன பிறகு சர்வரில் எந்தெந்த நிரல்கள் ஓடுகின்றன என்று பட்டியல் எடுத்தேன். நடுவில் ஒரு வரி. தொடங்கிய நாள் என்ற இடத்தில் Jun12.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியையே பார்த்தேன். ஜூன் பன்னிரண்டு. அதற்கப்புறம் கல்லூரி திறந்து, அட்மிஷன் முடிந்து, இன்டர்னல் தேர்வு முடிந்து, என் நாத்தனார் பெண்ணுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. இது அத்தனை நாளும் இந்த அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு படத்தைக் காட்டி இது என்ன மீன் என்று கேட்டுவிட்டு, எதிரில் யாரும் இல்லை என்பதே தெரியாமல், பதிலுக்குக் காத்திருக்கிறது. சலிக்கவில்லை. மின்சாரம்கூட அதிகம் தின்னவில்லை. எனக்குச் சில்லென்றது. பயமா, மரியாதையா தெரியவில்லை. மரியாதை என்றுதான் நினைக்கிறேன்.

24, ஞாயிறு

விழுப்புரம். வெயில். துணி இரண்டு பக்கெட். மல்லாட்டைக் கடலை வேகவைத்தேன், உப்பு அதிகம். அவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார். அப்படியென்றால் அதிகம்தான்.

கெர்னலின் மூல நிரலை இறக்கி, சமையலுக்கு நடுவில் படித்தேன். இதுவரை நான் இதைத் திறந்து பார்த்ததே இல்லை. பைக் ஓட்டுகிறவன் இன்ஜினைத் திறக்கமாட்டானே. மொத்தமும் வெளியே கிடக்கிறது. எந்த வரியை யார் எழுதினார்கள், எந்த நாள், ஏன் மாற்றினார்கள், அதற்கு இன்னொருவர் என்ன சொன்னார், எல்லாம். யாரென்றே தெரியாதவர்கள். யாருக்கும் இதற்குச் சம்பளம் வந்ததாகத் தெரியவில்லை. ஒருவர் ஒரு வரிக்கு மேலே, இது அசிங்கமாக இருக்கிறது, வேறு வழி தெரியவில்லை, மன்னிக்கவும் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

புரிந்தவரை:

கெர்னலுக்குப் பல கதவுகள். ஒன்றில் வேலை வாங்கிக்கொள்ளும். ஒன்றில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசும், படம் காட்டுவது அதில்தான். கேள்வி கேட்பது மட்டும் தனிக் கதவு, யார் ஓட்டினாரோ அவர் காதில் மட்டும்.
அந்தக் காது ஜூனிலேயே போய்விட்டது. பக்கத்தைத் திரும்பத் திறந்தால் வருவது புதுக் காது. அதனிடம் கேள்வி வராது.
நிறுத்து பட்டன் அழுத்தினால் கேள்வி அறுந்துவிடும். பட்டியல் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதுவும் சேர்ந்து போகலாம். போகாமலும் இருக்கலாம். நிச்சயமாகத் தெரியவில்லை.

ஆக வேண்டியது ஒன்றுதான். அதன் காதில் எப்படியாவது போதும் என்ற ஒரு சொல்லைச் சொல்லவேண்டும். மிச்சத்தை அதுவே செய்துகொள்ளும்.

அவர் கேட்டார், ஞாயிற்றுக்கிழமைகூட என்ன படிப்பு என்று. சொன்னேன். மூணு மாசமா ஒரே கேள்வியா, உன்னைவிடப் பொறுமைதான் என்றார்.

25, திங்கள்

சுற்றறிக்கை. வெள்ளி ஆயுத பூஜை விடுமுறை என்பதால் கல்லூரிப் பூஜை வியாழன் மதியம். லேபைக் கழுவி, எல்லா மெஷினையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மெயினை இறக்கி, பிறகு விஜயதசமி முடியும்வரை யாரும் தொடக்கூடாது. ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். எனக்குப் பிடித்த வேலையும்கூட, குங்குமம் நான்தான் வைப்பேன், து.த. வைத்தால் மானிட்டர் முழுக்க அப்பிவிடுவார்.

து.த.விடம், அதாவது துறைத்தலைவரிடம் போய், சர்வரை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். யூ.பி.எஸ். பேட்டரியை மாற்ற அதே நாளில் ஆள் வரச் சொல்லியாகிவிட்டதாம். பேட்டரியும் கிடையாது, மெயினும் கிடையாது. "மெஷினுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் குடுங்கம்மா" என்றார். மூன்று மாதமாக அது ரெஸ்டில்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை. நல்ல மனிதர், சொன்னாலும் புரியாது.

எ.யிடம் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. நிதானமாகச் சொன்னாள்: கைடு அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் பட்டியல் கேட்டிருக்கிறார். டிசம்பரோடு பதிவுக்காலம் முடிகிறது, ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. மறுபடி பெயர் கேட்கலாம் என்றால் இப்போது பெண்கள் எல்லோரும் இருட்டோடு கரைக்குப் போய், ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். இனி அவர்கள் உட்கார நேரம் என்றால் அடுத்த வருஷத் தடைக்காலம்தான்.

"அவங்களக் கூட்டியாந்து ஒக்கார வெக்கறதுக்குள்ள நான் பட்ட பேஜாரு எனுக்குத்தான்கா தெரியும்." அப்போதுதான் குரல் உடைந்தது.

இணையத்தில் கெர்னல் எழுதியவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் என் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு கேள்வி போட்டேன். பாதி கேட்ட கேள்விக்கு வேறு வாசலில் இருந்து பதில் சொல்ல முடியுமா? மீன், தடைக்காலம், பூஜை எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பூஜையை மட்டும் அழித்தேன். பிறகு அதையும் சேர்த்தேன். வியாழன் ஏன் கடைசி நாள் என்று அவர்களுக்குத் தெரியவேண்டாமா?

26, செவ்வாய்

இரவு நல்ல மழை, காலையில் விழுப்புரம் பஸ் நிலையத்துப் பக்கம் முழங்கால் தண்ணீர். புடவைக் கரை நாசம்.

ரயில் பேரணி ஸ்டேஷன் தாண்டி, போனில் சிக்னல் வந்ததும் பதில் இருந்தது. ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு மனிதர், எழுந்ததும் முதல் வேலையாக எனக்கு எழுதியிருக்கிறார். முடியும் என்கிறார். பதில் சொல்வது யார் என்று கெர்னல் பார்ப்பதில்லை, சாவி சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அந்தச் சாவி, கெர்னல் தொடங்கிய நாளில் அதுவே எழுதிவைத்த சின்ன ஃபைலில் இருக்கும். எந்த வரியைப் பார்க்கவேண்டும் என்றும் காட்டியிருக்கிறார். முதலில் பொய்யாக ஒன்றைக் காக்கவைத்துப் பழகிக்கொள்ளுங்கள் என்கிறார். கடைசியில், உங்கள் பூஜைக்கு முன்னால் நல்லபடியாக முடியட்டும் என்று.

ரயிலில் எதிரே இருந்த அம்மா, என்ன ஆச்சும்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றார். கண் கலங்கியிருந்தது போல. நல்ல சேதிதான் என்றேன்.

ஃபைல் இருந்தது. ஜூன் பன்னிரண்டாம் தேதி போட்டு. கதவுகளின் எண், சாவி, எல்லாம் அப்படியே.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழகினேன். பொய் நோட்புக் ஒன்று, ஒரே ஒரு கேள்வி, பக்கத்தை மூடியாகிவிட்டது. வேறு மெஷினில் இருந்து என் பத்து வரி நிரல் போய்க் கதவைத் தட்டியது. முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை, சாவியை வைத்துப் போடவேண்டிய கையெழுத்துத் தப்பு. மூன்றாவது தடவை, மூடிய பக்கத்துக்குப் பின்னால் இருந்த கெர்னல், யாரோ பதில் சொல்லிவிட்டார்கள் என்று எழுந்து வேலையைத் தொடர்ந்தது. சும்மா ok என்று அனுப்பியதற்கே எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது.

27, புதன்

மேகம். லேப் கழுவ ஆள் வந்தார்கள், ஒயர் மேல் தண்ணீர் ஊற்றப் பார்த்தார்கள். கத்தினேன்.

எ. வந்தாள். தயார் என்றேன். உண்மையானதில் தப்பினால் போய்விடுமா என்றாள். போய்விடலாம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை. செய்யாவிட்டால் நாளை மதியம் நிச்சயமாகப் போய்விடும் என்றும் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில பண்ணலாம்கா. அம்மாவையும் கூட்டிக்கினு வர்றேன். அவங்க சொன்ன பேரு. போறதா இருந்தா அவங்க கண்ணு முன்னாடி போவட்டும்."

இன்றே முடிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அவளுடையது, நான் என்ன சொல்ல? சரி என்றேன். ரயிலில் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். நாளை காலை கரண்ட் போய் ஜெனரேட்டர் மக்கர் செய்தால்? டீசல் இருக்கிறதா என்று வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன். இருக்கிறதாம்.

எடுத்துப்போக: பென்டிரைவ் இரண்டு, குங்குமம், சந்தன வில்லை, பழைய துணி.

28, வியாழன்

(திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். கை ஆடுகிறது, எழுத்தும்.)

எ.யும் அம்மாவும் முதல் பஸ்ஸில் வந்து எனக்கு முன்னாலேயே லேப் வாசலில் நின்றார்கள். எ.யின் அம்மா ஒல்லியான மனுஷி, ஈரக் கூந்தல், கையில் பூஜைக்குக் கதம்பம். உள்ளே வந்ததும் ஜூனில் உட்கார்ந்த அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

வேறு மெஷினில் இரண்டு சன்னல் திறந்தேன். ஒன்றில் கெர்னல் எல்லோருக்கும் பேசுவது தெரியும். இன்னொன்றில் நாம் பதில் அனுப்புவது. வார்த்தையை நீயே தட்டு என்று கீபோர்டை எ.யிடம் தள்ளினேன். போதும் என்று தட்டினாள். அனுப்பினாள்.

ஒரு நொடி. பக்கத்துச் சன்னலில் படம் வந்தது. வெள்ளியாக ஒரு பொடி மீன், ஈர மணல்.

"காரப்பொடி" என்றார் அம்மா, நேற்று விட்ட இடத்தில் தொடர்கிற மாதிரி.

எனக்குப் பாதி சந்தோஷம், பாதி குழப்பம். ஜூன் மாதத்துக் கெர்னல் உயிரோடு எழுந்து அடுத்த படத்தைக் காட்டுகிறது. அது சரி, ஏன் காட்டுகிறது? போதும் என்று சொன்னோமே. நிற்கவேண்டியது ஏன் தொடர்கிறது? ஆக அது போதும் என்பதை ஒரு மீன் பெயராக எழுதிக்கொண்டு மேலே போய்விட்டது.

திரும்பத் தட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று அவள் விரலையே பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது. ஆங்கில எழுத்தில் pothum என்று அடித்து, ஸ்பேஸ் தட்டினால்தான் தமிழாக மாறும் கீபோர்டு. நாம் எல்லோரும் தட்டுகிற பழக்கம், தட்டுகிறோம் என்றே தெரியாது. சொல்லோடு ஒரு வெற்றிடமும் சேர்ந்து போகிறது. வெற்றிடத்தோடு வரும் போதும், நிரலுக்கு வேறு சொல். ஜூனிலேயே முடிக்க நினைத்திருந்தாலும் இவளால் முடித்திருக்க முடியாது.

ஒரு பேக்ஸ்பேஸ். அனுப்பினாள்.

இந்த முறை படம் வரவில்லை. கெர்னல் ஒரு வரி சொன்னது: எழுதியாயிற்று. எ.யின் நோட்புக் பக்கத்தில் கறுப்பு வட்டம் வெறும் வளையமானது. நான் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னை யாரோ உலுக்கியது தெரிந்தது, எ.தான்.

ஃபைலைத் திறந்தோம். சங்கரா, கவளை, கிழங்கான், வாளை, பன்னா, காரப்பொடி, காரப்பொடி, சென்னாக்குன்னி. உருட்ட உருட்டப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம் இருக்கும், நினைத்தால் சிரிப்பு வருகிறது. எ. சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அம்மா முதுகில் ஒன்று வைத்து, ஏன்டி, கிடைச்சதுக்கு எதுக்கு அழுவுற என்றார். பென்டிரைவ் இரண்டிலும் போட்டேன், மெயில் அனுப்பினேன், அவள் போனில், என் போனில். அந்த முன்பின் தெரியாத மனிதருக்கும் எழுதினேன், எல்லாம் வந்துவிட்டது என்று.

மதியம். மெஷின் ஒவ்வொன்றாக நிறுத்தி, சந்தனம், குங்குமம், கதம்பம். சர்வர் மட்டும் பாக்கி. து.த. பொரி கடலைத் தட்டோடு வந்து, என்னம்மா இன்னும் என்றார். யூ.பி.எஸ். ஆள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தத் தப்பான வரியை அழித்துவிடலாம் என்று எ. பட்டியலின் கடைசிக்குப் போனாள். படத்தின் எண், பக்கத்தில் பெயர்: போதும். இந்தக் கேள்விதான் ஜூனிலிருந்து நின்றது. எந்த மீனாக இருக்கும் என்று எனக்கும் ஆசை. படத்தைத் திறந்தாள்.

மீன் இல்லை. எ.யின் அம்மா. மணலில் கூடைக்கு முன்னால் குந்தி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறார். மீனை எடுக்கப் போய்த் தவறி எடுத்த படம். அன்றைக்கு இது திரையில் வந்ததும் எல்லோரும் விழுந்து சிரித்து, அந்தச் சிரிப்போடு பஸ்ஸுக்கு எழுந்து போனார்களாம்.

அம்மா கிட்டே வந்து பார்த்தார்.

"இதக் காட்டியா கேட்டுக்கினு இருந்துச்சு, இத்தினி நாளா?"

எ. ஆமாம் என்றாள். அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, சர்வர் பெட்டியைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்தார்.

"எம்பேரு அஞ்சலைங்க."

கேள்வி காலையிலேயே முடிந்துவிட்டது, இப்போது அங்கே எதுவும் காத்திருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மெயினை இறக்கலாமா என்றார் து.த. ஒரு நிமிஷம் சார் என்றேன். எ. அந்த வரியைத் திருத்திக்கொண்டிருந்தாள்.